அந்தோனியாருக்குப் பக்கத்துப் பெட்டி

கண்டக்குழியில் கரண்ட் வெட்டப்படாத ஒரே ஆள் அந்தோனியார்தான். நாடு முழுக்கப் பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற வருஷம் அது. பக்கத்து நுரைச்சோலையில் நிலக்கரியை எரித்துக் கரண்ட் ஆக்கித் தீவுக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த ரோட்டால் போய்வருகிற சனம் வீட்டில் மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்தது. ஆனால் செலஸ்தீன் வீட்டு முன்னறையில், சுரூபத் தட்டில், அந்தோனியாருக்கு முன்னால் எரிகிற சிவப்புக் குமிழ் ஒருநாளும் அணைந்ததில்லை. அதற்கென்றே அவன் மனைவி அல்பொன்சா கூரையில் ஒரு சோலர் தகடும் கீழே ஒரு லொறி பற்றரியும் பூட்டுவித்திருந்தாள். அந்தப் பற்றரியில் காற்றாடி ஓடாது. போன் சார்ஜ் ஏறாது. ஓடாதென்றில்லை, ஓடும்; அல்பொன்சா விடமாட்டாள்.

அப்படிப்பட்ட பற்றரியில் ஒரு பழைய கொம்பியூட்டர் பெட்டிக்கு இடம் வாங்கியதுதான் செலஸ்தீன் தன் வாழ்க்கையில் வென்ற ஒரே வழக்கு.

"அந்தோனியார் என்ன வேலை செய்யிறவர்?" என்று அவன் அவளைக் கேட்டான்.

"காணாமப் போனதைக் கண்டுபிடிச்சுத் தாறவர்."

"இந்தப் பெட்டி என்ன வேலை செய்யிறது? காணாமப் போகாமப் பாக்கிறது. ரெண்டு பேருக்கும் ஒரே உத்தியோகம். ஒரே லைனில கரண்ட் குடுத்தா என்ன குறைஞ்சு போகுது?"

அல்பொன்சா யோசித்தாள். சுரூபத் தட்டை ஒருமுறை பார்த்தாள். அந்தோனியார் மறுப்பொன்றும் சொல்லவில்லை. பெட்டி அவருக்கு வலது கைப்பக்கம், தலவில் கோயிலின் புனித அன்னம்மாவுக்கும் அவருக்கும் நடுவில் ஏறிக் குந்தியது. அதற்கும் முன்பக்கம் ஒரு சிவப்பு வெளிச்சம் சிமிட்டிக்கொண்டிருந்தபடியால், வந்து போகிறவர்கள் அதையும் ஏதோ புதுமை செய்கிற சாமான் என்று நினைத்து ஒரு சிலுவை போட்டுக்கொண்டு போனார்கள்.

காணாமல் போகாமல் அந்தப் பெட்டி பார்த்துக்கொண்டது ஒரு கடற்கரையை.

செலஸ்தீன் ஒரு காலத்தில் கரைவலைக் கயிறு இழுத்தவன். பிறகு முதுகு பிடித்துக்கொண்டதால் சந்தியில் போட்டோக்கொப்பி எடுக்கிற சின்னக் கடை போட்டவன். கரைவலை என்பது தோணியில் போய் வலையை வளைத்து விட்டுவிட்டு, இரண்டு பக்கமும் ஆட்கள் கரையில் நின்று கயிற்றால் இழுக்கிற தொழில். அதற்கு மீனுக்கு முன்னால் தேவைப்படுவது மணல். நின்று இழுக்க, வலையைக் காயவைக்க, மீன் விழுகிற மடியை உதற, மணல். அந்த மணலில்தான் ஒருநாள் ஒரு ஹோட்டலின் கம்பி வேலி நின்றது. சண்டை முடியும்வரை பாஸ் இல்லாமல் கடலுக்குள் போக முடியவில்லை. சண்டை முடிந்த பிறகு ஹோட்டல்காரரைக் கேளாமல் கரைக்குள் போக முடியவில்லை. சமாதானம் வந்து கண்டக்குழிக்குச் செய்த நன்மை அதுதான்: தடை கடலிலிருந்து கரைக்கு ஏறியது.

ஹோட்டல்காரர் சொன்னது ஒரே வசனம்: 'இந்தக் கரையில் பல வருஷமாய் யாரும் வலை இழுக்கவில்லை.' இழுத்ததற்கு உரிமம் இருந்தது. அது செத்துப்போன பழைய சம்மாட்டியின், வலைச் சொந்தக்காரரின், பேரில் இருந்தது. அவருடைய மகன் இத்தாலியில். மகனுக்கு உரிமத்தைப் புதுப்பிக்கச் சொல்லி எத்தனையோ தரம் சொல்லியாகிவிட்டது. அவன் அங்கிருந்து கைகூப்பிய படங்களாக அனுப்பிக்கொண்டிருந்தான். ஆகவே, வாய்ச்சொல் செல்லாத இடத்தில், மிச்சம் இருந்த சாட்சி செலஸ்தீன் மட்டுமே. முதுகு பிடித்த பிறகும் காலையில் கரைக்குப் போகிற பழக்கம் விடாதவன். போகும்போதெல்லாம் ஒரு நல்ல கமராவால் படம் எடுத்தவன். வலை வளைக்கிற படம், இழுக்கிற படம், மடி கரைக்கு வந்த படம். ஒவ்வொன்றிலும் திகதி. ஒவ்வொன்றிலும் எந்த இடம் என்கிற குறி. மழைக்கால, வெயில்கால வித்தியாசமில்லாமல் பல வருஷத்துப் படங்கள். அந்தப் படங்கள் இருந்தால் கரை ஊருக்கு. இல்லையென்றால் ஹோட்டலுக்கு. இதில் நடுவில் ஒன்றுமில்லை.

படங்களை எங்கே வைப்பது என்று கேட்க அவன் கல்பிட்டி பஸாரில் கொம்பியூட்டர் திருத்துகிற றிஸ்வியிடம் போனான்.

"அண்ணே, இத ஒன்லைன்ல எங்கயாவது ஏத்தி வச்சா முடிஞ்சிச்சே," என்றான் றிஸ்வி. "எங்க போனாலும் எடுக்கலாம்."

"அது ஆர்ட வீடு?"

"வீடில்ல அண்ணே. அமெரிக்காவில எங்கயோ ஒரு பில்டிங்."

"ஹோட்டலில காசு போட்டவன் எந்த நாடு?"

"சுவிஸெண்டு நீங்கதான் சொன்னீங்க."

"சுவிஸுக்கும் அமெரிக்காவுக்கும் எவ்வளவு தூரம்?"

றிஸ்வி யோசித்தான். "தெரியாண்ணே."

"எனக்கும் தெரியாது. அப்ப வேணாம்."

அதன் பிறகுதான் பெட்டி வந்தது. றிஸ்வி ஒரு பழைய கொம்பியூட்டரைத் துடைத்து, கொம்பியூட்டர் ஓடுவதற்கு ஒரு சின்ன டிஸ்க்கும் படங்களுக்கென்று தனியாக ஒரு பெரிய டிஸ்க்கும் போட்டான். பெரியது யாரோ கழித்துவிட்டது. பக்கத்தில் சிம் போட்ட ஒரு ரவுட்டர். "இது வீட்டு சேர்வர்," என்றான். "நீங்க கொழும்பில இரிந்தாலும் சரி, வவுனியாவில இரிந்தாலும் சரி, லெப்டொப்பத் திறந்து நெட் குடுத்தீங்கெண்டா வீட்டில உள்ளது எல்லாம் அங்க வரும். அங்க நீங்க புதிசா வச்சது வீட்டுக்குப் போகும். ரெண்டும் எப்பவும் ஒண்டுபோல இரிக்கும்."

ரெண்டும் ஒண்டுபோல. செலஸ்தீனுக்கு அந்தச் சொல் மிகவும் பிடித்துப்போனது. வீட்டில் ஒன்றும் வெளியில் ஒன்றுமாக இருக்கிற மனிதர்களையே பார்த்துப் பழகியவனுக்கு, ஒரு இயந்திரமாவது ஒழுங்காக இருக்கிறதே என்று.

"உப்புக்காத்து மட்டும் பட விடாதீங்க," என்று போகும்போது றிஸ்வி சொன்னான். அதை செலஸ்தீன் அப்படியே கொண்டுவந்து அல்பொன்சாவிடம் சொன்னான். "உப்புக்காத்துப் படக்கூடாதாம். தூசி படக்கூடாதாம். கவனம்." கவனம் என்று சொன்னால் அல்பொன்சா கவனம். அதில் குறை சொல்ல முடியாது.

கரை யாருக்கு என்ற முதலாவது விசாரணை கொழும்பில் ஒரு காரியாலயத்தில் நடந்தது. விசாரித்தவர் ஒரு அம்மா; கண்ணாடி போட்டு, குரல் உயர்த்தாமல் கதைக்கிறவர். செலஸ்தீன் லெப்டொப்பைத் திறந்து தன் சிங்களத்தில் ஒவ்வொரு படமாக விளக்கிக்கொண்டு போனான். எல்லாம் நன்றாகத்தான் போனது, நிக்கொலஸ் வரும்வரை.

நிக்கொலஸ் அல்பொன்சாவின் தம்பி. நேரில் வரவில்லை, படத்தில் வந்தான். கிறிஸ்மஸுக்கு ஹோட்டல்காரர் ஊருக்குக் கேக்கும் அரிசியும் கொடுத்தபோது எடுத்த படம். வேலிக்கு முன்னால் நின்று, ஹோட்டல் முகாமையாளரின் கையைப் பிடித்துக்கொண்டு, முப்பத்திரண்டு பல்லும் தெரிய நிற்கிறான். பின்னால் இன்னும் பதினைந்து பேர், எல்லோர் கையிலும் பொதி. ஹோட்டலின் சட்டத்தரணி முன்னால் குனிந்தார். "கொஞ்சம் நிப்பாட்டுங்க. இவங்கதான் வாழ்வாதாரம் இழந்தவங்களா?"

செலஸ்தீன் அவசரமாய் அடுத்த படத்தைத் தட்டினான். அந்தப் படத்தை அவன் எப்போதோ வீட்டுப் பெட்டியிலிருந்து அழித்துவிட்டான். அழித்தது அழிந்தது என்றுதான் நம்பியிருந்தான். விசாரணையை வேறொரு நாளுக்குத் தள்ளிப்போட்டார்கள். படங்களை ஒழுங்காகப் பிரித்துக்கொண்டு வரும்படி அந்த அம்மா சொன்னார்.

மறுநாளே றிஸ்வியின் கடையில் நின்றான்.

"வீட்டில அழிச்சது லெப்டொப்பில எப்பிடி இருந்தது?"

"சேக்கிறதுக்குத்தான் வச்சன் அண்ணே. அழிக்கிறதுக்கு வைக்கல்ல. பாதுகாப்புக்கு."

"ரெண்டும் ஒண்டுபோல எண்டுதானே சொன்ன நீ? நிக்கொலஸ் வீட்டில இல்ல, கொழும்பில இருக்கிறான். இது என்ன ஒண்டு? வீட்டில அழிச்சா அங்கயும் அழியோணும். வீட்டில இல்லாதது வெளியில இருக்கப்படாது."

"அண்ணே, அப்பிடி வைக்கலாம். ஆனா கை தவறி வீட்டில ஏதும் போச்செண்டா அங்கயும் போயிடும். செய்யிறதெண்டா, எல்லாத்தையும் இன்னொரு டிஸ்க்கில எடுத்து அலுமாரிக்குள்ள பூட்டி வைங்க."

"இன்னொரு டிஸ்க்கா? அதுக்குள்ளயும் நிக்கொலஸ் பல்லைக் காட்டிக்கொண்டு நிப்பான். நான் செத்தாப் பிறகும் அவன் சிரிப்பான். வேணாம். சொன்னதைச் செய்."

றிஸ்வி செய்தான். வீட்டுப் பெட்டி சொன்னதே சட்டம். லெப்டொப் அதற்குக் கீழ்ப்படிகிற பிள்ளை. செலஸ்தீன் நிக்கொலஸையும் நிக்கொலஸைப் போல சிரித்தவர்களையும் வீட்டில் இருந்தபடியே ஒவ்வொருவராக அழித்தான். லெப்டொப்பைத் திறந்து பார்த்தான். அங்கும் இல்லை. ஊரில் காட்டிக்கொடுக்கிறவர்களை இவ்வளவு சுலபமாக இல்லாமல் ஆக்கக் கிடைத்த மனிதர் எத்தனை பேர்? அன்றைக்கு அவன் இரண்டு தேத்தண்ணி குடித்தான்.

இரண்டாவது விசாரணை அடுத்த வருஷம் தவக்காலத்தில் வந்தது. அதற்கு முந்திய நாட்களில் நீர்கொழும்பில் ஒரு பயிற்சி வகுப்பும் வந்தது. கரையோர மக்களின் தலைவர்கள் தங்கள் ஆதாரங்களைக் கணினியில் பாதுகாப்பது எப்படி என்பது தலைப்பு. நடந்தது கடற்கரையில் வேலி போட்ட ஒரு ஹோட்டலில். வேலிக்கு அப்பால் நின்ற நீர்கொழும்பு மீனவர்களை யாரும் கூப்பிடவில்லை. அவர்கள் தலைவர்கள் இல்லை. செலஸ்தீனைக் கூப்பிட்டிருந்தார்கள். சனிக்கிழமை காலை லெப்டொப்பைத் துவாயால் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினான்.

அன்று பின்னேரம் அல்பொன்சா சுரூபத் தட்டுக்கு முன்னால் கதிரையைப் போட்டு ஏறினாள்.

தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறுக்கு முந்திய பின்னேரம் கோயிலில் சுரூபங்களை எல்லாம் ஊதாத் துணியால் மூடுவார்கள். ஆண்டவர் பாடுபடுகிற நாட்களில் அர்ச்சிஷ்டவர்களான புனிதர்கள் முகம் காட்டுவதில்லை. அல்பொன்சாவின் வீட்டிலும் அதே முறை, அவளுடைய தாய் காலத்திலிருந்து. துணியும் லேசுப்பட்ட துணியில்லை. கோயிலில் கழித்த பழைய வெல்வெட் திரையை, பங்குச் சுவாமியிடம் கேட்டு வாங்கி, அளவெடுத்து வெட்டி, ஓரம் அடித்து வைத்திருந்தாள். அந்தோனியாரை மூடினாள். அன்னம்மாவை மூடினாள். குழந்தை இயேசுவை மூடினாள். நடுவில் பெட்டி மட்டும் சிவப்புக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நின்றது. அர்ச்சிஷ்டவர்கள் எல்லாம் முகத்தை மறைத்துத் துக்கம் காக்கிற இடத்தில் இது என்ன கண்ணடிக்கிறது? நாளைக்கு அயலவர்கள் செபத்துக்கு வந்தால் என்ன நினைப்பார்கள்? உப்புக்காற்றும் படக்கூடாது என்று மனுசனும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்தோனியாருக்கு மிஞ்சிய துணியை இரண்டாக மடித்து, நாலு பக்கமும் இறங்கத் தொங்கவிட்டு, காற்று நுழையாமல் ஓரத்தைக் கீழே செருகிவிட்டு இறங்கினாள். சுற்றிவரப் பார்த்தாள். வடிவாய் இருந்தது.

பங்குனி வெயில். தகரக் கூரை. வெல்வெட்.

செலஸ்தீன் நீர்கொழும்பிலிருந்து போன் எடுக்கத் தவறவில்லை.

"பெட்டி ஓடுதா?"

"ஓம், ஓடுது. இரையிற சத்தம் கேக்குது."

"ரவுட்டர்?"

"அதுவும் எரியுது. நீங்க சாப்பிட்டீங்களா? இறைச்சி குடுத்தாங்களா? தொடாதீங்க, தவக்காலம்."

"மீன்தான்."

"எந்த ஊர் மீனோ," என்றாள் அல்பொன்சா.

மூடியதை அவள் சொல்லவில்லை. மறைக்கவுமில்லை. அது போனில் சொல்லுகிற விசயமாய் அவளுக்குத் தோன்றவில்லை. பின்னேரம் முற்றம் கூட்டினேன் என்று யாராவது போன் எடுத்துச் சொல்வார்களா?

பயிற்சி வகுப்பில், உங்கள் ஆதாரங்கள் எத்தனை இடத்தில் இருக்கின்றன என்று படிப்பிக்க வந்த பிள்ளை ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தாள். மன்னாரிலிருந்து வந்தவர் போனில் என்றார். முல்லைத்தீவிலிருந்து வந்தவர் மனத்தில் என்றார். செலஸ்தீன் எழும்பி நின்று, வீட்டில் சேர்வரும் கையில் லெப்டொப்பும், இரண்டும் எப்பவும் ஒண்டுபோல, என்றான். அந்தப் பிள்ளை மற்றவர்களைக் கைதட்டச் சொன்னாள். தட்டினார்கள். அவனுக்கு இரண்டு இடத்தில் இருப்பதாகத்தான் அந்த மண்டபம் முழுக்க நம்பியது. ஒன்றுபோல் சாகிற இரண்டு, இரண்டு இல்லை, ஒன்றுதான். இதைக் கைதட்டினவர்களில் ஒருவரும் சொல்லவில்லை. தேத்தண்ணி நேரம் வந்துவிட்டது.

விசாரணை வியாழக்கிழமை; வகுப்பு முடிந்து அவன் வீட்டுக்குப் போகாமல் நேரே கொழும்புக்கு வந்திருந்தான். காலையில் காரியாலயத்து வாசலில், பெயர் கூப்பிடும்வரை வாங்குப் பலகையில் இருந்தபோது, செலஸ்தீன் கடைசித் தரமாகக் கவனம் எடுத்தான். வேலிக்கு வெளியே மிஞ்சிய மணலில் ஊர் இன்னும் கரைவலையை நிறுத்தவில்லை என்று காட்ட, அவனுக்குப் பதிலாக ஒரு பொடியன் அந்தக் கிழமை எடுத்து வீட்டுப் பெட்டியில் ஏற்றிய படங்களும் இருக்க வேண்டும். லெப்டொப்பைத் திறந்தான். போனிலிருந்து நெட் கொடுத்தான். மூலையில் இரண்டு அம்புகள் சுற்றத் தொடங்கின. சுற்றி முடிந்தன. அவன் திருப்தியோடு மூடினான்.

அன்று சோம்பேறித்தனமாய் இருந்திருந்தால் கரை தப்பியிருக்கும்.

உள்ளே அந்த அம்மா அதே கண்ணாடியோடு இருந்தார். "இந்த முறை ஒழுங்கா பிரிச்சுக் கொண்டு வந்தீங்கதானே? காட்டுங்க."

செலஸ்தீன் கோப்பைத் திறந்தான். வெள்ளை.

வேறு கோப்பென்று நினைத்து வெளியே வந்து மறுபடி உள்ளே போனான். வெள்ளை. வருஷ வாரியாய்ப் பேர் போட்டு வைத்திருந்த அறைகள் ஒன்றுமில்லை. லெப்டொப்பின் குப்பைத் தொட்டியைத் திறந்தான், அதுவும் காலி. வேண்டாததை அங்கேயும் மிச்சம் வைக்காதே என்று, நிக்கொலஸை நினைத்து, றிஸ்வியிடம் அவனே சொல்லியிருந்தான்.

"என்ன, பிரச்சினையா?"

"இல்ல மேடம். இருந்தது. இப்பத்தான்... வெளியில இருக்கேக்க இருந்தது."

"வெளியில இருந்தது உள்ள வரேக்க போயிட்டுதா?" என்றார் ஹோட்டலின் சட்டத்தரணி. பகிடியாய்க்கூட இல்லை, உண்மையாய்க் கேட்பதுபோல.

அந்த அம்மா கெட்டவரில்லை. அதுதான் பெரிய துன்பம். அவர் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். எழும்பி வந்து தானே திரையைப் பார்த்தார். "ஒரு கிழமை, ஏழு நாள் தாறன்," என்றார். "வேற யார்ட்டயாவது படம் இருக்கும். எல்லார்ட்டயும் போன் இருக்குதே இந்தக் காலத்தில. கொண்டு வாங்க."

வீட்டுக்கு வந்தவன் செருப்போடு உள்ளே நடந்தான். சுரூபத் தட்டில் நாலு ஊதா உருவங்கள். மூன்று சுரூபங்கள், நாலாவது இரைந்துகொண்டிருந்தது. துணியை இழுத்தான். கை வைத்தான், எடுத்தான். அடை கிடக்கிற கோழிக்குக் கீழே கை விட்டதுபோல் இருந்தது, அதைவிட மோசம்.

"இதை ஏன் மூடினது?"

"எல்லாத்தையும்தானே மூடினன்."

"இது சுரூபமா?"

"சுரூபங்களோட வச்சது ஆரு?" அல்பொன்சாவுக்கு இன்னும் ஒன்றும் விளங்கவில்லை. "உப்புக்காத்துப் படக்கூடாதெண்டு சொன்னது ஆரு? கவனம் கவனமெண்டு சொன்னது ஆரு? இப்ப மூடினது குத்தமா?"

  அவள் சொன்னதில் பிழை எது என்று செலஸ்தீன் தேடினான், கிடைக்கவில்லை.

றிஸ்வி வந்து பெட்டியைக் கழற்றினான். "வயசுக்கு வந்த கொமர்ப் புள்ளய மூடி வச்ச மாதிரி மூடி வச்சிரிக்கீங்களே அண்ணே," என்று சொல்லிவிட்டு, செலஸ்தீனின் முகத்தைக் கண்டதும் சிரிப்பை விழுங்கினான். நடந்தது இதுதான்: பெட்டி சாகவில்லை. படங்கள் இருந்த பெரிய டிஸ்க் மட்டும் சூட்டில் அவிந்து நின்றுவிட்டது. கொம்பியூட்டர் ஓடிக்கொண்டேயிருந்தது. வாசல் திறந்திருந்தது, உள்ளே அறை இல்லை. லெப்டொப் வந்து கேட்டது, வீட்டில் என்ன இருக்கிறது என்று. ஒன்றுமில்லை என்றது வீடு. வீட்டில் இல்லாதது வெளியில் இருக்கக் கூடாது என்பது சட்டம். லெப்டொப் சட்டத்தை மதித்தது. இந்த நாட்டில் சட்டத்தை அவ்வளவு உடனே மதித்த ஒன்றை செலஸ்தீன் அதற்கு முன் கண்டதில்லை.

"டிஸ்க்கைத் திறந்து எடுக்க ஏலாதா?" என்று மறுநாள் பின்னேரம் கடைக்குப் போய்க் கேட்டான்.

"கொழும்பில ஒரு இடத்தில காட்டினன் அண்ணே. உள்ளுக்குத் தட்டே கீறிப்போச்சாம். லெப்டொப்பிலயும் எல்லாத்தையும் துடைக்கச் சொல்லித்தானே வச்ச..." றிஸ்வி, நீங்கதானே சொன்னீங்க என்று சொல்லாமல் விட்டான். சொல்லியிருந்தால் சண்டை பிடித்து ஆறியிருக்கலாம்.

மிச்சம் ஒரு கிழமைகூட இல்லை. கமராவின் கார்டை அவனும் அந்தப் பொடியனும் பெட்டிக்கு ஏற்றியதுமே துடைத்துவிடுவார்கள். செலஸ்தீன் வீடு வீடாய்ப் போய்ப் போன்களைக் கேட்டான். ஒவ்வொரு வீட்டிலும் கதிரை போட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் போனைத் துடைத்துக் கொடுத்தார்கள். அவன் தள்ளித் தள்ளிப் பார்த்தான். கோயிலில் முதல் நன்மை எடுத்த நாள், கேக், கேக்குக்குப் பக்கத்தில் பிள்ளை, புது மோட்டார் சைக்கிள், தலவில் திருவிழா, பூனைக்காது முளைத்த பெண்கள். கரைவலை எங்கே?

"அதை ஆர் எடுப்பாங்க அண்ணன்? தினம் பாக்கிறதுதானே," என்றாள் றோசமேரி. அவள் புருஷன் இருபது வருஷமாய் அந்தக் கயிற்றை இழுத்தவன். "ஆ, இந்தா, கடற்கரையில எடுத்தது நிறைய இருக்கு."

நிறையத்தான் இருந்தது. பிறந்தநாள், பெருநாள், இத்தாலியிலிருந்து வந்தவர்களோடு எடுத்த குடும்பப் படம். எல்லாவற்றிலும் நின்றவர்கள் கடலுக்குக் காட்டியது முதுகு இல்லை, முகம். படம் எடுத்தவன் கடல் பக்கம் நிற்க, சனம் எல்லாம் ஹோட்டலின் வெள்ளை மதிலையும் அதன் மேல் படர்ந்த கடதாசிப் பூவையும் பின்னணியாக வைத்துச் சிரித்துக்கொண்டு நின்றது. ஊரிலேயே வடிவான சுவர் அதுதான். திகதியும் இருந்தது, இடக்குறியும் இருந்தது. இவற்றை விசாரணைக்குக் கொண்டுபோனால் ஹோட்டல்காரருக்கு வேறு சாட்சியே தேவைப்படாது.

நிக்கொலஸ் தன் போனைத் தானாகவே கொண்டுவந்து நீட்டினான். "அத்தான், என்னிட்டயும் இருக்கு. பாருங்க." அந்தக் கிறிஸ்மஸ் படம்தான். உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே பிரதி.

"வச்சிரு," என்றான் செலஸ்தீன்.

ஒரு கிழமை முடிந்து அந்த அம்மா கொடுத்த முடிவில் ஒரு கடுஞ்சொல்லும் இல்லை. அந்தக் கரையில் கரைவலைத் தொழில் தொடர்ச்சியாய் நடந்ததற்குப் போதிய ஆதாரம் முன்வைக்கப்படவில்லை. அவ்வளவுதான். வேலி இன்னும் கொஞ்சம் முன்னால் வந்தது, தண்ணீர் தொடுகிற அளவுக்கு. வலையை ஆட்கள் தோளில் தூக்கி வாடிக் கொட்டிலில் போட்டார்கள். சிலர் உச்சமுனைப் பக்கம் போய் வேறு ஆட்களின் படகில் கூலிக்கு ஏறினார்கள். செலஸ்தீனிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அல்பொன்சா மட்டும் தலவிலுக்கு நடந்து போய் வந்தாள், யாருக்கு நேர்த்தி என்று சொல்லாமல். வீட்டில் இருவரும் உப்பு, புளி பற்றி மட்டும் கதைத்தார்கள்.

வெளிநாட்டுக்காரர் காற்றில் பட்டம் பிடித்துப் பலகையில் கடலில் ஓடுகிற காலம் தொடங்கியபோது நிக்கொலஸ் மறுபடி வந்தான்.

"அத்தான், ஹோட்டலில ஒரு வேலை. பின்னேரத்தில வலை இழுத்துக் காட்டோணுமாம். வெள்ளைக்காரங்க பாக்கிறதுக்கு. மீன் விழுந்தாலும் சரி, விழாட்டியும் சரி. ஆள் காணாது. நீங்களும் வந்து நிண்டா கயிறு கொஞ்சம் நிமிரும்."

"எனக்கு முதுகு ஏலாது."

"இழுக்கிற மாதிரி நிண்டாச் சரி அத்தான். அங்க ஆரும் மெய்யா இழுக்கிறேல்ல."

செலஸ்தீன் போனான்.   வேலியில் அதுவரை இல்லாத ஒரு கேற் திறந்துவிட்டார்கள். மணல் கூட்டிச் சுத்தமாய் இருந்தது. எல்லோருக்கும் ஒரே நிறத்தில் இடுப்புக்குக் கட்டச் சாரமும் தலைக்குக் கட்டத் துணியும் கொடுத்தார்கள். றோசமேரியின் புருஷன் அதைத் தலையில் கட்டிக்கொண்டு, "நல்லா இருக்கா?" என்று கேட்டான்.  தோணி வளைத்துவிட்டு வந்தது. கயிறு கைக்கு வந்தது. செலஸ்தீன் வரிசையில் கடைசிக்கு முந்தினவனாய் நின்று, மணலில் குதியை ஊன்றினான். முதுகில் ஏதோ ஒன்று பழைய இடத்தில் சொடுக்கியது.

மணலில் கதிரை போட்டுப் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நல்ல கமராக்கள். செலஸ்தீன் தன் வாழ்நாளில் எடுத்த படங்களை அவர்கள் ஒரு பின்னேரத்தில் எடுத்தார்கள். ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண் பக்கத்தில் வந்து, முகாமையாளரிடம் ஆங்கிலத்தில் கேட்டாள், இவர்கள் எத்தனை காலமாய் இந்த இடத்தில் இப்படி மீன் பிடிக்கிறார்கள் என்று. செலஸ்தீனுக்கு அவ்வளவு ஆங்கிலம் விளங்கும்.

"நூற்றுக்கணக்கான வருஷமாய், மேடம்," என்றார் முகாமையாளர். "ஒருநாள்கூட நின்றதில்லை. தலைமுறை தலைமுறையாய். இதே இடம்."

அவள் கண்ணை விரித்துக்கொண்டு கமராவை உயர்த்தினாள்.

"அத்தான், கேட்டீங்களா?" என்றான் முன்னால் நின்ற நிக்கொலஸ், திரும்பாமல்.

செலஸ்தீனுக்குக் கயிற்றை எறிந்துவிட்டுப் போய் அந்த முகாமையாளரின் சட்டையைப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது. எங்கே பிடிப்பது, எந்தக் காரியாலயத்துக்கு இழுத்துக்கொண்டு போவது? கயிறு பாரமாய் வந்துகொண்டிருந்தது. உண்மையாகவே பாரம், எதிர்பாராமல் ஏதோ ஒரு மீன்கூட்டம் மடிக்குள் விழுந்திருந்தது. காட்டுவதற்கென்று நின்றவர்கள் எல்லோரும் இப்போது மெய்யாகவே இழுக்கத் தொடங்கியிருந்தார்கள். யாரோ பழையபடி வலை இழுக்கிற பாட்டுக்குக் குரல் எடுத்துக் கொடுத்தான். மற்றவர்கள் வாங்கினார்கள்.

"இழுங்க அத்தான்!" என்று நிக்கொலஸ் கத்தினான்.

கதிரையில் இருந்தவர்கள் எழும்பிக் கைதட்டினார்கள். செலஸ்தீன் இழுத்தான்.